மூன்று டெராபைட் டிஸ்க்கில் 746 ஜிபி

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2013 நவம்பரில் ஒரு சாயங்காலம், போன கரண்ட் திரும்பி வந்தபோது என் ஸ்டுடியோவின் புதுக் கம்ப்யூட்டர் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பவர் சப்ளையும் மதர்போர்டும் போய்விட்டன. உள்ளே இருந்த 3 டெராபைட் ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடைக்காரர் சொன்னபோது நிம்மதியாக இருந்தது.

அந்த டிஸ்க்கில்தான் என் தொழில் முழுவதும் இருந்தது. கல்யாணங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், ஜக்கனாரை ஹெத்தையம்மன் பண்டிகை, 2006-ல் பூத்த குறிஞ்சி, 2009 நவம்பர் மண்சரிவில் சாலை அறுந்து கிடந்த படங்கள். சிலவற்றுக்கு டிவிடியில் இரண்டாவது பிரதி உண்டு. பாதிக்கு மேல் இல்லை.

நான்கு நாள் கழித்து அரவேணுவிலிருந்து ஒருவர் வந்தார். ஐந்து வருடம் முன்பு அவர் தங்கை கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். "அம்மா தவறிட்டாங்க தம்பி. கல்யாணத்துல அம்மா சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்தீங்களே, அத பெருசா போட்டுத் தரணும். பதினாறாம் நாளுக்குள்ள வேணும்" என்றார். அவர் வீட்டில் இருந்த ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருந்தது.

புது மதர்போர்டு வரத் தாமதமாகும் என்பதால், பின்னறையில் பிரிண்டருக்காக வைத்திருந்த 2009-ம் வருடத்துக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டச் சொன்னேன். உதவிக்கு இருந்த தம்பி மாட்டினான். நான் முன்னால் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணா, டிஸ்க்கு 746 ஜிபின்னு காட்டுதுங்கண்ணா. உள்ள ஒண்ணுமே இல்ல. இனிஷியலைஸ் பண்ணணுமான்னு கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன். இப்ப ஃபார்மட் பண்ணட்டுமா?"

கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அவன் மேல் தப்பில்லை. திரையில் அப்படித்தான் கேட்கிறது, புது டிஸ்க்கைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. ஃபார்மட் ஆகாமல் தடுத்தது மட்டும்தான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

விற்ற கடையில் கேட்டேன். "மழை ஈரத்துல போயிருக்கும். வாரண்டி இருக்கு, அனுப்புனா புதுசு குடுப்பாங்க" என்றார்கள். புது டிஸ்க் கிடைக்கும், சரி. பத்து வருடத்துப் படங்களை எந்த வாரண்டியில் கேட்பது?

குன்னூரில் ஓர் அண்ணன் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவர். அவருக்கு போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது: "746ன்னா, புள்ளிக்கு அப்புறம் எவ்வளவு?"

"746.52."

"டிஸ்க்கு 3 டிபிதானே? பயாஸ்ல எவ்வளவு காட்டுது?"

கம்ப்யூட்டரை மறுபடி போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் வருமுன் ஓடும் பயாஸில் 3000 ஜிபி என்று இருந்தது.

"அப்ப டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் தப்பாச் சொல்லுது. கரண்ட்டை நிறுத்து, டிஸ்க்கைக் கழட்டு, ஒரு எழுத்துகூட அதுல எழுதாதே. எடுத்துட்டு வா."

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குன்னூர் பஸ்ஸில் போனேன். அவர் ஒரு எண்ணைக் கேட்டே எப்படி முடிவுக்கு வந்தார் என்பது வழியெல்லாம் புரியவில்லை. அங்கே போன பிறகு ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேருக்கு நானும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

டிஸ்க் தன் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கட்டம் ஒரு செக்டர், அதில் 512 பைட். என் டிஸ்க்கில் 5,86,05,33,168 செக்டர்கள். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண். அந்த எண்ணை, டிஸ்க்கையும் விண்டோஸையும் இணைக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் எத்தனை இலக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம். பழைய டிரைவர்கள் 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கத்தில், எழுதின. 32 பிட்டில் அடங்குவது 4,29,49,67,296 வரைதான். இதை 512-ஆல் பெருக்கினால், விண்டோஸ் கணக்கில் சரியாக 2048 ஜிபி.

எஸ்டேட் ஜீப்பில் பழைய கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐந்து இலக்க மீட்டர் 99,999-க்கு அப்புறம் சுழியத்துக்கு வந்துவிடும். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஓடிய ஜீப் முப்பதாயிரம் என்று காட்டும். மீட்டர் உடையவில்லை, ஜீப்பும் புதிதாகிவிடவில்லை. எழுத இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

3 டெராபைட் டிஸ்க்கின் முழு அளவு விண்டோஸ் கணக்கில் 2794.52 ஜிபி. அதில் ஒரு சுற்றுக்கு 2048-ஐக் கழித்தால் 746.52. புள்ளிக்குப் பின்னால் இருப்பதுவரை ஒத்துப்போகிறது. ஈரத்தில் கெட்ட டிஸ்க் இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கெடாது. அண்ணன் போனிலேயே தைரியமாகச் சொன்னது அதனால்தான்.

4 டிபி டிஸ்க் 1678 ஜிபி என்று காட்டினாலும் இதே நோய்தான். 6 டிபி என்றால் மீட்டர் இரண்டு முறை சுற்றி 1493-ல் நிற்கும். 2 டிபி டிஸ்க்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதன் முழு அளவே 1863 ஜிபி, முதல் சுற்றுக்குள் அடங்கிவிடும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 2 டிபிக்கு மேல் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், பக்கத்தில் 746.52 ஜிபி தொட முடியாத இன்னொரு துண்டாகவும் தெரிந்தால் அது வேறு கதை. அங்கே டிரைவர் முழு டிஸ்க்கையும் சரியாகத்தான் பார்க்கிறது. டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை எம்பிஆர் என்கிற பழைய முறையில் இருக்கிறது. அந்த அட்டவணையிலும் 32 பிட்டுக்குத்தான் இடம். ஜிபிடி என்கிற புதிய முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மாற்ற டிஸ்க் காலியாக இருக்க வேண்டும், அதனால் படங்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும், மொத்தமே 746 என்று காட்டுவதற்கும் மீதி 746 என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம்.

சரி, என் டிஸ்க்குக்கு வருகிறேன். அண்ணன் தன் கம்ப்யூட்டரை, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் இருந்த ஒரு பென்டிரைவிலிருந்து தொடங்கினார். விண்டோஸில் தொடங்கினால் அது நம்மைக் கேட்காமலே டிஸ்க்கில் ஏதாவது எழுதப் பார்க்கும் என்றார். லினக்ஸ் தன் பதிவில் டிஸ்க்கின் அளவை அப்படியே சொன்னது: 5,86,05,33,168 செக்டர். முழு 3 டெராபைட். அந்த வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் உடனே மீட்கலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "முதல்ல பிரதி. வேலையெல்லாம் பிரதி மேலதான்." கோவையில் சொல்லி வைத்து இன்னொரு 3 டிபி டிஸ்க் மறுநாள் பஸ்ஸில் வந்தது. அது வேறு கம்பெனி டிஸ்க். ஒரு செக்டர் குறைந்தாலும் பிரதி முழுதாக வராதே என்று பயந்தேன். ஆனால் டிஸ்க் செய்பவர்கள் எல்லாரும் இத்தனை ஜிபி என்றால் இத்தனை செக்டர் என்று ஒரு பொதுச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் எண்ணிக்கை அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. டிடிரெஸ்க்யூ என்கிற நிரலில் பிரதி எடுக்க ஏழரை மணி நேரம் ஆனது. அந்த ஏழரை மணி நேரமும் கரண்ட் போகவில்லை. அந்த மழையில் அதை நான் இன்றும் பெரிதாக நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம். என் டிஸ்க்கில் இருந்த ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்தில், இன்னொன்று டிஸ்க்கின் கடைசி செக்டரிலும் அதற்கு முந்தைய சில செக்டர்களிலும். தம்பி ஓகே கொடுத்தபோது தொடக்கத்தில் இருந்தது கெட்டுப்போனது. கடைசியில் இருந்ததை அந்தப் பழைய டிரைவரால் தொடவே முடியவில்லை. டிஸ்க் 746 ஜிபியில் முடிந்துவிட்டது என்று நம்பிய டிரைவருக்கு அதற்கப்பால் ஒரு கடைசி இருப்பதே தெரியாது. எதனால் டிஸ்க் மறைந்ததோ அதனாலேயே அதன் சாவி பத்திரமாக இருந்தது.

ஜிடிஸ்க் என்கிற கருவியில் கடைசிப் பிரதியை ஏற்றச் சொல்லி, அதை வைத்து முதல் பிரதியைத் திரும்ப எழுதினார். ஐந்து நிமிஷ வேலை. பார்ட்டிஷன் வந்தது, ஃபோல்டர்கள் வந்தன. அரவேணுக்காரர் வீட்டுக் கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன். பந்தியில் யாரோ ஏதோ சொல்ல, அந்த அம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிற படம். பதினாறாம் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தை வாங்கி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஃபார்மட் ஆகியிருந்தால் இது இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. ஃபார்மட் செய்து புதிதாகப் படங்களை ஏற்றத் தொடங்கியிருந்தால் பழையவை ஒவ்வொன்றாக மேலெழுதப்பட்டிருக்கும்.

இதைவிட மோசமானதும் உண்டு. நல்ல கம்ப்யூட்டரில் முழு அளவுக்கும் பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கை, செக்டர் எண்ணின் மேல் பகுதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் டிரைவரிடமோ, டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் யுஎஸ்பி பெட்டியிடமோ கொடுத்தால், 2048 ஜிபியைத் தாண்டி எழுதுவதெல்லாம் சுற்றிவந்து டிஸ்க்கின் தலையில் போய் விழும். பழைய பயாஸ்களும் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்பும் 28 பிட்டில் நின்ற காலத்திலும் இதேதான். அன்று எல்லை 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 வந்த பிறகுதான் அது சரியானது. அந்தக் காலத்து டிஸ்க் யாராவது கொண்டுவந்து 128 ஜிபி என்று காட்டுகிறது என்றால் நான் முதலில் கேட்பது எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினீர்கள் என்றுதான்.

பழைய கம்ப்யூட்டரையும் அப்படியே விடவில்லை. மதர்போர்டோடு வந்த சிடியில் இருந்த சேமிப்பு டிரைவரை எடுத்துவிட்டு அதே டிரைவரின் புதிய பதிப்பைப் போட்டோம். காலி டிஸ்க் ஒன்றை மாட்டிப் பார்த்தோம்: 2794.52. டிஸ்க்கும் கேபிளும் மதர்போர்டும் மாறவில்லை, டிரைவர் மட்டும்தான் மாறியது. ஒரு டிஸ்க்கைக் கெட்டது என்று எழுதித் தள்ளுமுன் அதை இன்னொரு கம்ப்யூட்டரில், முடிந்தால் லினக்ஸில், மாட்டிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். வாரண்டிக்கு அனுப்பினால் உங்கள் படங்கள் திரும்பி வராது.

அந்த நாளிலிருந்து தவறான எண்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் டிஸ்க்கோடு எண்ணையும் கொண்டுவருகிறார்கள்.

அதிகம் வருவது 931. ஒரு டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் இருக்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபமாக வருவார்கள். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் கழிவு பிடித்தே பழகிய ஊர் இது, கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே யாரும் கழிவு பிடிக்கவில்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி அளக்கிறார். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போய், அதற்கும் ஜிபி என்றே பெயர் வைக்கிறது. அரிசி ஒன்றுதான், படி வேறு. ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் 2009 முதல் ஆயிரம் கணக்கிலேயே காட்டுகின்றன, அதே டிஸ்க் அங்கே முழு ஆயிரமாகத் தெரியும். எதை மாட்டினாலும் பைட் கணக்கைப் பாருங்கள், அது மாறாது. டிரைவ் மேல் வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பார்த்தால் நீளமான எண்ணாக இருக்கும்.

இன்னொன்று, வெளியே யுஎஸ்பி பெட்டிக்குள் இருந்த 3 டிபி டிஸ்க். பெட்டியின் யுஎஸ்பி முனை உடைந்துபோக, டிஸ்க்கை உருவி நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார் கட்டபெட்டுக்காரர் ஒருவர். அளவு சரி, உள்ளே மட்டும் ஃபார்மட் ஆகவில்லை என்றது. எக்ஸ்பியிலும் 2 டிபிக்கு மேல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சில பெட்டிகள் எட்டு செக்டரைச் சேர்த்து 4096 பைட் செக்டர் ஒன்றாக வெளியே காட்டும். உள்ளே எழுதிய முகவரிகள் எல்லாம் அந்தப் பெரிய செக்டர் கணக்கில் இருக்கும். பெட்டி இல்லாமல் பார்த்தால் எந்த முகவரியும் பொருந்தாது. அதே வகைப் பெட்டி ஒன்றைத் தேடிப் போட்டதும் எல்லாம் தெரிந்தது. டிஸ்க்கை உருவினாலும் பெட்டியின் சர்க்யூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரே ஒரு செக்டர் தவறும் கதையும் உண்டு. யுஎஸ்பியில் 'உன் அளவு என்ன' என்று கேட்டால், சாதனம் தன் கடைசி செக்டரின் எண்ணைத்தான் சொல்ல வேண்டும், மொத்த எண்ணிக்கையை இல்லை. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சுழியத்திலிருந்து எண் போட்டிருந்தால் கடைசி வளைவில் 35 என்றுதான் இருக்கும். சில கார்டு ரீடர்கள் 35 சொல்ல வேண்டிய இடத்தில் 36 என்று சொல்லிவிடும். இல்லாத வளைவைத் தேடி லினக்ஸ் பிழைமேல் பிழையாகக் காட்டும். அப்படிப்பட்ட சாதனங்களின் பட்டியல் ஒன்றை லினக்ஸ் யுஎஸ்பி டிரைவருக்குள்ளேயே வைத்து, அவை சொல்வதில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். என் ரீடர் ஒன்றும் இப்படித்தான் படுத்தியது. கார்டு கெட்டுவிட்டது என்று இரண்டு நல்ல கார்டுகளைத் தூக்கி எறிந்த பிறகுதான் தெரிந்தது.

இவற்றிலெல்லாம் சாதனம் நல்லது, நடுவில் இருப்பவர்தான் தவறாகச் சொல்கிறார். நேர் எதிரானதும் நடக்கிறது, அதில்தான் இப்போது நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் 1 டிபி, 2 டிபி பென்டிரைவ்கள். உள்ளே இருப்பது 32 ஜிபி சிப்பாக இருக்கும். தன் அளவு 1 டிபி என்று சொல்லும்படி அதை இயக்கும் கன்ட்ரோலரையே மாற்றி எழுதியிருப்பார்கள். டிரைவர் பாவம், சாதனம் சொன்னதை அப்படியே நம்மிடம் சொல்கிறது. முதல் 32 ஜிபி நன்றாகவே போகும். அதற்கு மேல் காப்பி ஆவது போலவே காட்டும், பெயரும் தெரியும், திறந்தால் படம் இருக்காது. கோடநாடு பக்கம் ட்ரோன் வீடியோ எடுக்கும் ஒரு தம்பிக்கு மூன்று நாள் வேலை இப்படிப் போய்விட்டது. அவனுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுதப்படாததை எங்கிருந்து மீட்பது?

இதற்கு அளவைப் பார்த்துப் பயனில்லை. முழுவதும் எழுதி, முழுவதும் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். நான் வாங்கும் ஒவ்வொரு கார்டும் இந்தச் சோதனை முடியாமல் கேமராவுக்குள் போவதில்லை.

டிஸ்க்குகளுக்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புது டிஸ்க் வந்த அன்றே லினக்ஸில் மாட்டி, செக்டர் எண்ணிக்கையைப் பார்த்து, அதை டிஸ்க்கின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுவேன். எம்பிஆரா ஜிபிடியா என்பதையும், எந்தக் கம்ப்யூட்டரில் பார்ட்டிஷன் போட்டது என்பதையும். பிறகு எந்த மெஷினில் மாட்டினாலும் முதலில் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், ஒத்துப்போகாவிட்டால் திரை என்ன கேட்டாலும் கேன்சல். இரண்டு டிஸ்க்கில் படங்கள், மூன்றாவது குன்னூரில் அண்ணன் வீட்டில்.

அந்தத் தம்பி இப்போது கோவையில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான். போன வருடம் அவன் கடைக்குப் போனபோது அலமாரியில் வரிசையாக டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மார்க்கரில் செக்டர் எண்ணிக்கை எழுதியிருந்தது, அவன் கையெழுத்தில்.